ஊவனின் புருவங்கள்

கோழி வாட்டும் அடுப்புக்கு முன்னால், கழுத்து முதல் கணுக்கால் வரை பிளாஸ்டிக் அங்கி போட்டுக்கொண்டு, ஊவன் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார். ஏப்ரல் வெயில். எங்கள் கோராட் நகரத்தில் நாய்கூட நிழலை விட்டு நகராத நேரம். ஒவ்வொரு மூச்சையும் கோழிப் புகையாகப் பார்த்து இழுத்து, கண்ணை மூடி, மனசில்லாமல் வெளியே விட்டார்.

"அந்த இறக்கையைத் திருப்பிப் போடு சம்லி. இந்தப் பக்கத்து வாசனை தீர்ந்துபோச்சு."

"யோவ், மோந்து மோந்தே பாதிக் கோழியைத் தின்னுட்ட. வாங்க வர்றவங்களுக்கு எலும்பையா குடுக்கிறது? நகருய்யா அந்தப் பக்கம்," என்றாள் அவர் மனைவி.

ஊவன் என்றால் குண்டன். பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்தாராம். பெயர் ஒட்டிக்கொண்டது, சதை ஒட்டவில்லை. குத்துச்சண்டையிலேயே ஆகச் சின்ன எடைப் பிரிவில், நாற்பத்தேழரை கிலோவும் சொச்சமும் என்கிற கோட்டுக்கு அடியில் முப்பத்தைந்து வயது வரைக்கும் காலம் தள்ளிவிட்டார். சந்தையில் அரிசி மூட்டை தூக்குகிறவர்கள், "குண்டு, காத்தடிக்குது பாரு, எதையாவது பிடிச்சுக்க!" என்று கத்துவார்கள். "உங்களைப் பிடிச்சுக்கிட்டா நீங்க விழுந்துருவீங்கண்ணே," என்பார் ஊவன்.

மேடையில் அவருக்கு வேறு பெயர். அதுவும் நிலையான பெயர் இல்லை. எந்தக் கம்பெனி ஆதரவு தருகிறதோ அந்தக் கம்பெனியைப் பெயருக்குப் பின்னால் சேர்த்துக்கொள்ள வேண்டும். வைரமுஷ்டி இரட்டை முதலை உரம் என்று சில வருடம். வைரமுஷ்டி மணக்கும் கொசுவத்தி என்று சில வருடம். ஒருமுறை அறிவிப்பாளர் "வைரமுஷ்டி பளபளா தரைச்சோப்பு!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டும் ஊவன் எழுந்திருக்கவில்லை. யாரோ புதுப் பையன் போலிருக்கிறது என்று அவரும் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

எடையைக் குறைக்க அவர் கண்டுபிடித்த வழி, அழுகை. பயிற்சி முடிந்ததும் கூடத்து டிவி முன்னால் உட்கார்ந்து, மாமியார் கொடுமைத் தொடர் ஒன்றைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுவார். "வேர்வையும் உப்புத்தண்ணி, கண்ணீரும் உப்புத்தண்ணி. ஓடுறதுக்கு அழுதா முட்டிக்கு நல்லது" என்பது அவர் கட்சி. கதாநாயகி சிரித்துவிட்டால் கோபம் வந்துவிடும். "இவ எதுக்கு இப்பப் பல்லைக் காட்டுறா? எனக்கு இன்னும் முந்நூறு கிராம் பாக்கி இருக்கு!"

ஆசியப் பட்டத்துக்கு இரண்டு முறை மோதி இரண்டு முறையும் தோற்றவர். மூன்றாவது வாய்ப்பு அந்த ஏப்ரலில் வந்தது. "இதுதான் கடைசி. இதுக்கு மேல உன் பேரைச் சொன்னா என்னைத்தான் சிரிப்பாங்க," என்று சொல்லிவிட்டார் வாத்தியார் பிரசோப். ஊவனுக்கு ஒரே ஒரு ஆசை. அந்தப் பட்டத்துப் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு நாள் காலையில் சந்தைக்குப் போய்க் கத்திரிக்காய் பேரம் பேச வேண்டும். சம்லியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

எடை பார்த்தது சண்டைக்கு முதல் நாள், கடைவளாகம் ஒன்றின் கீழ்த்தளத்தில். உடுப்பெல்லாம் கழற்றிவிட்டு, நாலு பேர் பிடித்த துண்டுக்குப் பின்னால் தராசில் ஏறினார். கூடுதல். கொஞ்சம்தான், ஆனால் கூடுதல். இரண்டு மணி நேரம் கெடு கொடுத்தார்கள். ஊவனுக்கு வேர்வையும் வற்றிவிட்டது, அழுகையும் வரவில்லை. வாத்தியார் அவரை மாடியில் இருந்த சலூனுக்கு இழுத்துக்கொண்டு போய் மொட்டையடிக்க வைத்தார். மறுபடி தராசு. இன்னும் ஒரு இழை கூடுதல். வாத்தியார் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"புருவம் இருக்கு," என்றார்.

"வாத்தியாரே, அது என்ன எடை இருக்கப்போகுது?"

"உனக்கு அது எதுக்குடா? நீ என்ன சினிமாவிலயா நடிக்கிற?"

புருவமும் போனது. அது தந்த குறைவா, வெட்கத்தில் உடம்பு சுருங்கியதா, இல்லை தராசே இரக்கப்பட்டதா தெரியாது, எண் சரியாக வந்து நின்றது. எங்கள் ஊரில் தலையும் புருவமும் சேர்ந்து மழித்த முகம் என்றால் அது பிக்குவின் முகம்தான். எடை பார்த்த அதிகாரி தன்னை மறந்து கைகூப்பிவிட்டார். பிறகு வெறும் துண்டோடு நின்ற ஊவனைப் பார்த்து, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

மறுநாள் மத்தியானம், பேருந்து நிலையத் திடலில் பந்தல் போட்ட மேடை. ஊவன் ஏறியதும் கூட்டம் எழுந்தது. "சாமி, எங்க பக்கமும் ஒரு ஆசீர்வாதம்!" "சாமி, அடிக்கிறதுக்கு முன்னாடி பஞ்சசீலம் சொல்லுங்க!" ஊவன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

எதிராளி வீராத், தெற்கத்திப் பையன், பட்டம் கையில் வைத்திருப்பவன், இருபத்திரண்டு வயசு. யாருக்கும் பயப்படாதவன். ஆனால் மணி அடித்து அந்த மொட்டை முகம் நேரே வந்து நின்றதும் அவன் முஷ்டி பாதி வழியில் பஞ்சாகிவிட்டது. மேடையோரம் அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள். தினமும் காலையில் பிக்குகளுக்குச் சோறிட்டுவிட்டுத்தான் தான் சாப்பிடுகிறவள். கூப்பிய கையை இறக்கவே இல்லை.

"மூஞ்சில அடிக்காதடா! பாவம் வந்து சேரும்!" என்று அலறினாள்.

"அது சாமி இல்லடா, கோழிக்கடைக்காரி புருஷன்! போட்டுத் தள்ளுடா!" என்று மறுமூலையில் அவன் பயிற்சியாளர் தொண்டை வற்றக் கத்தினார்.

வீராத் விலாவில் லேசாகத் தட்டினான், தோளில் தட்டினான். ஊவன் குத்தியபோதெல்லாம் வாங்கிக்கொண்டான். மூன்று சுற்று இப்படியே போனது. மூலைக்கு வந்த ஊவனைத் துடைத்துவிட்டுக்கொண்டே வாத்தியார் காதில் பாடினார்: "மூணும் நமக்குடா! இப்படியே போனா பட்டம் உனக்குத்தான். சாந்தமா மூஞ்சியை வச்சுக்க. முடிஞ்சா கொஞ்சம் முணுமுணு."

ஊவன், கயிற்றுக்கு வெளியே தண்ணீர் போத்தலோடு நின்ற சம்லியைப் பார்த்தார். "உன் பையில மை பென்சில் இருக்கா?"

"எதுக்கு?"

"புருவம் வரை."

"டேய்!" என்று வாத்தியார் துண்டைக் கீழே போட்டார். "ஜெயிச்சுக்கிட்டிருக்கடா பைத்தியக்காரா!"

"கும்பிட வந்தவனை அடிச்சிட்டுப் பட்டத்தைத் தூக்கிட்டுப் போகச் சொல்றீங்களா? நான் இருபது வருஷமா அடிவாங்கினது இதுக்கில்ல வாத்தியாரே. சம்லி, சீக்கிரம்."

சம்லி ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கயிற்றுக்குள் கையை விட்டு வரைந்தாள். ஒன்று நன்றாக வந்தது. இரண்டாவதுக்குள் மணி அடித்துவிட்டதால் அது நெற்றிப் பாதி வரை ஏறி, யாரோ ரகசியம் சொல்லிக் கேட்டவர் போல ஆகிவிட்டது. நடுவர் கிட்டே வந்து, விரலால் தொட்டு, எண்ணெய் இல்லை என்று முகர்ந்து பார்த்து, தோளைக் குலுக்கினார். திடலே விழுந்து விழுந்து சிரித்தது. வீராத்தும் சிரித்தான்.

"தம்பி, சிரிச்சது போதும். நான் சாமி இல்ல, அடி," என்று சொல்லி ஊவன் அவன் தாடையில் ஒன்று வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சண்டை. பையன் அடித்தான், பட்டத்துக்காரன் அடிக்கிற மாதிரியே அடித்தான். ஊவன் ஏழாம் சுற்றில் விழுந்து எழுந்தார். எட்டாம் சுற்றில் வீராத்தைக் கயிற்றோரமாகத் தள்ளி, கூட்டம் நாற்காலி மேல் ஏறும்படி ஒரு நிமிடம் குத்தினார். மை வழிந்து கன்னத்தில் இறங்கியது. கடைசி மணி அடித்தபோது இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். பிரிக்க வந்த நடுவர், யாரை முதலில் விலக்கினாலும் மற்றவர் விழுந்துவிடுவாரே என்று யோசித்தார்.

ஒரே ஒரு புள்ளியில் பட்டம் வீராத்திடமே தங்கிவிட்டது.

ஊவன் மூலை முக்காலியில் உட்கார்ந்தார். கையுறையை அவிழ்த்துக்கொண்டிருந்த சம்லி, "நாளைக்குச் சந்தைக்குப் போகணும்யா, வெங்காயம் இல்ல," என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். இந்த முறை அழுகை கேட்காமலே வந்தது, கரைந்த மையையும் சேர்த்துக்கொண்டு.

அப்போது படியேறி வீராத்தின் அம்மா வந்தாள். அவர் முன்னால் நின்று, பழக்க தோஷத்தில் கூப்பப்போன கையைப் பாதியில் நிறுத்தினாள். எங்கள் ஊர்ப் பெண் எவளும் ஒரு பிக்குவை விரல் நுனியாலும் தொடமாட்டாள். அவள் ஊவனின் தாடையை இறுக்கிப் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, தோள்துண்டின் நுனியை எச்சிலில் நனைத்து, கன்னத்து மையை அழுத்தித் தேய்த்துத் துடைக்க ஆரம்பித்தாள்.