மயிலுக்குக் கீழே இருந்த பேர்

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு பிரேம் கடையில் என் மானம் போயிற்று. பேத்தி மெழுகுக் கலரில் ஒரு யானை வரைந்திருந்தாள். அதை வீட்டில் மாட்டலாமே என்று கொண்டுபோயிருந்தேன். கடையில் இருந்த பெண் சட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், கீழ பாப்பா பேரு இருக்குது. அத மட்டும் கட் பண்ணிட்டா கரெக்டா உக்காரும்" என்றாள். "தொடாதம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கத்தரியைக் கீழே போட்டாள். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன், காரணம் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

இப்போது இந்தக் கடைகளில் ஒரு வாசனையும் கிடையாது. எண்பதுகளில் மைதாப் பசை வாசனை தெருமுனையிலேயே ஆளைப் பிடித்து நிறுத்தும். நான் அப்போது விழுப்புரத்தில் ஓர் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். என் சட்டையில் யூரியா நாற்றம், அந்தத் தெருவில் பசை நாற்றம். இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள்.

பக்கத்துக் காணை கிராமத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம். அக்கா வசந்தாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாளில் பெண் பார்க்க வருகிற வீட்டில் பெண் கையால் போட்ட எம்பிராய்டரி ஒன்று கண்ணாடிக்குள் தொங்கியாக வேண்டும். கைவேலை தெரியாத பெண்ணின் வீட்டில் அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டுக் கிளிகளை இரவல் வாங்கி மாட்டிவிடுவார்கள். வருகிறவர்கள் லேசுப்பட்டவர்களா? படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கீழே தைத்திருக்கும் பேரைப் பார்ப்பார்கள்.

அக்கா போட்டது மயில். ஒரு வெயில்காலம் முழுக்கப் போட்டாள். தோகையில் பச்சை சரியாக வரவில்லை என்று பிரித்துப் பிரித்துப் போட்டதில் விரல் நுனியெல்லாம் பொத்தல். கடைசியில் நீல நூலில் 'வசந்தா' என்று அடியில் தைத்துவிட்டு, அதைத் தள்ளி வைத்துத் தள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தப் பேரை அப்படி ஆசையாகப் பார்த்த மனுஷியை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

பிரேம் எடுக்க அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் போனோம். அக்காவுக்கு மெல்லிசான கறுப்புச் சட்டம் பிடித்திருந்தது.

"கல்யாணப் பேச்சு நடக்கற வூட்ல கறுப்பா? இன்னாடி பொண்ணு நீ!" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் கை வைத்தது தங்கக் கலரில், மூலைக்கு மூலை ரோஜா பூத்தது.

"அம்மா சொல்றதுதாங்க கரெக்டு. சாமி படத்துக்கெல்லாம் இப்ப இதான் போய்க்கினு இருக்குது" என்றார் கடைக்காரர்.

அக்கா சட்டத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "எந்தச் சட்டமா இருந்தா இன்னா, உள்ள இருக்கறது என்னுதுதானே" என்று விட்டுக்கொடுத்துவிட்டாள்.

திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று காலையில்தான் வேலை முடிந்தது. அப்பா வாங்கிவந்து அவசரமாக ஆணியடித்து மாட்டினார். தங்கக் கலர் பளபளத்ததில் எங்கள் எல்லோருடைய கண்ணும் அதிலேயே போய்விட்டது. அக்கா உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததுமே அண்ணாந்து பார்த்தார். "மெஷின்ல போட்ட மாதிரி இருக்குதே. பேரக் காணோம்? கடையில வாங்கினதா, பக்கத்து வூட்டுதா?"

"ஐயோ, எம் பொண்ணு போட்டதுங்க!" என்றாள் அம்மா.

"எல்லா வூட்லயும் இதத்தான் சொல்றாங்க" என்று அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

காப்பித் தட்டோடு வந்த அக்கா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். சுவரைப் பார்த்தாள். மயிலின் காலுக்குக் கீழே நேராகச் சட்டம்தான் இருந்தது. "நான் போட்டதுங்க" என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்டிருக்காது.

மறுநாள் அவளும் நானும் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு முருகன் படத்துக்குச் சாக்பொடி போட்டுக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேரா? அடியில எழுத்து இருந்தா வெட்டிடறதுதாம்மா. காலண்டர் படத்துல ஜவுளிக்கடை பேரு, நகைக்கடை பேரு இருக்கும் இல்ல? அதோட யாராவது சாமி கும்பிடுவாங்களா? கை பழக்கம்மா" என்றார். பொய் சொல்கிற ஆள் இல்லை. எங்களுக்கு நல்லது செய்ததாகவே நினைத்திருந்தார்.

"அந்தத் துணி எங்க?" என்றேன் நான்.

அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முருகனின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கந்தலில், சாக்பொடிக்கு நடுவில் நீல நூல் தெரிந்தது. அடப்பாவி மனுஷா! அவர் பதறிப்போய், உதறி, தண்ணீரில் அலசிப் பிழிந்து கொடுத்தார்.

பஸ்ஸில் அதை என் சட்டைப் பையில் திணித்தாள். "நீயே வெச்சுக்கோடா. அம்மா பாத்தா அழும்."

ஜாதகம் பொருந்தியிருந்தது. திண்டிவனத்துக்கே வாழ்க்கைப்பட்டாள். மயிலும் சீரோடு போயிற்று. அவள் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் "நல்ல வெலை குடுத்து வாங்கினது" என்று பெருமையாகக் காட்டுவார். ஆரம்பத்தில் அக்கா மறுத்துப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள். பட்டன் தைக்க எடுத்தால் உண்டு, மற்றபடி ஊசியைத் தொடவில்லை.

யானைப் படத்தை முழுசாக மாட்டி முடித்தபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பீரோவிலிருந்து அந்தத் துண்டுத் துணியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனேன். மயிலை அந்தத் தங்கச் சட்டத்திலிருந்து எடுத்து, பேரோடு சேர்த்து, அவள் அன்றைக்குக் கேட்ட கறுப்புச் சட்டமே போட்டுவிடலாம் என்று நினைப்பு. கூடத்துச் சுவர் புதுப் பெயின்ட்டில் வெறுமையாக இருந்தது.

"மயில் எங்கடா?" என்றேன் அக்கா மகனிடம்.

"அதுவா மாமா? கடையில வாங்கினதுதானே, பூச்சி அரிச்சிடுச்சு. பொங்கலுக்கு வெள்ளையடிச்சப்ப பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டோம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்த துணியை வாங்கி, கட்டை விரலால் நீல எழுத்தைத் தடவினாள். "சாயமே போகல பாரு" என்றாள்.

மகன் குனிந்து பார்த்தான். "உம் பேரு போட்டிருக்குது! ஏம்மா, உனக்கு எம்பிராய்டரி தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அக்கா.