நெவேனா வகுத்த ஏழு வருடம்

ப்ளோவ்டிவ் நகர வைரஸ் ஆய்வகத்தில் நெவேனாவும் நானும் பதினோரு வருடம் எதிரெதிர் மேசை. பிடிவாதக்காரி. வகுத்த கணக்கைத் திரும்பப் பார்க்கச் சொன்னால் மூக்கு சிவந்துவிடும்.

டயாலிசிஸ் பிரிவில் பலருக்கு ஒரே ஹெபடைடிஸ் வைரஸ். எப்போது பரவத் தொடங்கியது என்று எங்களைக் கேட்டார்கள். வைரஸின் மரபெழுத்துகளில் எத்தனை மாறியிருக்கின்றன என்று எண்ணி, வருடத்துக்கு இத்தனை மாறும் என்ற வேகத்தால் வகுத்தால் வயது வரும். ஏழு வருடம் என்றாள் நெவேனா. ஏழு வருடத்துக்கு முன் அங்கே ஊசி போட்டவர் நர்ஸ் ருமியானா. ஊரே காறித் துப்பியது. ஆறு மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் இறந்த மூன்றாவது வருடம், அதே நோயாளிகளிடம் வெவ்வேறு சமயம் எடுத்த ரத்த மாதிரிகள் தேதியோடு உறைபெட்டியில் கிடைத்தன. அவற்றை வைத்து வேகத்தை நேரடியாக அளந்த நெவேனாவின் முகம் வெளுத்தது.

"நூற்றாண்டுக் கணக்குல அளந்த வேகத்தை எடுத்துப் போட்டுட்டேன்டி. அத்தனை காலத்துல கெட்ட மாத்தமெல்லாம் வழியிலேயே அழிஞ்சுடும், வேகம் கம்மியாத் தெரியும். இது நேத்துப் பொறந்த கிளை. எல்லா மாத்தமும் அப்படியே நிக்குது. மூணு மடங்கு வேகம்! அப்படின்னா நாம அறிக்கை கொடுத்தப்போ அது பரவ ஆரம்பிச்சு ரெண்டரை வருஷம்கூட ஆகல."

ருமியானா அந்தப் பிரிவை விட்டுப் போய் அப்போதே நாலு வருடம்.

திருத்திய அறிக்கையை அனுப்பினாள். கோப்பு மூடியாகிவிட்டது என்று பதில் வந்தது. அதன்பின் பஸ்ஸில் பின் இருக்கையில் ருமியானா உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிப் பாதியில் இறங்கி நடப்பாள். உறைபெட்டி அறையில் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்பாள். நான் கேலி செய்தேன். ஆனால் அந்த அறைக்குத் தனியாகப் போவதை நானும் நிறுத்திவிட்டேன். பயம்தான், வேறென்ன?

நினைவு நாள் வந்தால் இறந்தவர் படத்தோடு தாள் அச்சடித்து வாசலில் ஒட்டுவது எங்கள் ஊர் வழக்கம். மூன்றாம் நினைவு நாளன்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ருமியானாவின் கணவர் ஸ்டோயன் வாசற்கதவில் தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அவங்க மேல தப்பில்லைங்க. நான்தான் தப்பா வகுத்தேன்."

அவர் திரும்பவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும். தெரியாதது ஊருக்குத்தான்."

நெவேனா பேனாவை எடுத்தாள். படத்துக்குக் கீழே, 'இவர் குற்றமற்றவர். தவறாகக் கணக்கிட்டவள் நான்' என்று எழுதித் தன் முழுப்பெயரையும் போட்டாள்.

ஸ்டோயன் பதறினார். "உசுரோட இருக்கறவங்க பேரு இதுல வரக்கூடாதும்மா!"

"வரட்டும்."

மறுநாள் காலை ஆய்வகத்துக்கு மூன்று பேர் போன் செய்தார்கள். "நெவேனா தவறிட்டாங்களாமே?"

எதிர் மேசையில் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டுதான் இல்லை என்று சொன்னேன்.