பெர்த்தில் நின்ற ஸ்கூட்டர்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மட்கார்டு கிடக்கிறது. பழைய ஸ்கூட்டரின் முன்சக்கரத்துக்கு மேலே இருந்தது. விரல் நுழையும் அளவுக்குத் துரு தின்ற ஓட்டைகள். "இந்தக் குப்பையத் தூரப் போட்டா என்னம்மா?" என்று மகன் பொங்கலுக்குப் பொங்கல் கேட்பான். போடமாட்டேன். அதைப் பார்த்தாலே மேல்வீட்டுக் கிரேன் அண்ணாச்சியின் முகம் வந்து நிற்கும், வயிறு எரியும். இத்தனை வருஷம் கழித்தும் எரிகிறதே என்று எனக்கு ஒரு திருப்தியும் உண்டு.

எழுபதுகளில் முத்தையாபுரத்தில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தோம். நான்கு வீட்டுக்கும் பொதுவாக முற்றத்தில் ஒரு தகரக் கொட்டகை. சைக்கிள்கள் நின்றது போக அதில் ஒரே ஒரு ஸ்கூட்டருக்குத்தான் இடம். உப்புக்காற்று வீசும் ஊரில் வெளியே நிற்கும் வண்டி என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. என் கணவர் பெயர் பதிந்துவைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்து ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மேல்வீட்டு அண்ணாச்சியும் அதே மாதம் ஒன்று வாங்கினார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. எங்கள் வாசலில் மீன் கழுவிய தண்ணீர் விழுந்தது. நானும் சும்மா இருக்கவில்லை, அவர்கள் வேட்டி காயும் நேரம் பார்த்துத்தான் மிளகாய் வறுப்பேன்.

பஞ்சாயத்து குடியிருப்புச் சங்கத்துக்குப் போனது. செயலாளர் இழுவைப் படகில் வேலை பார்த்தவர். "கப்பலுக்கு உள்ள ரூலுதான் வண்டிக்கும். முந்தி வந்தவன் கரையணைஞ்சு பெர்த்துல நிப்பான், பிந்தி வந்தவன் வெளிய நங்கூரம் போடுவான். இதுக்குப் போயா சண்டை போடுதிய?" என்றார். எல்லோரும் துறைமுகத்து ஆட்கள், உடனே தலையாட்டினார்கள். சரக்கை இறக்கிய கப்பல் கிளம்பியே தீரவேண்டும், ஸ்கூட்டருக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கிரேன் அண்ணாச்சிக்கு மட்டும் தோன்றியிருக்கிறது. மறுநாளே வண்டியை உள்ளே விட்டார். அதன்பிறகு எடுக்கவே இல்லை. எடுத்தால் பெர்த் போய்விடுமே! புது ஸ்கூட்டரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் குடும்பத்தோடு நடந்தார். தினமும் மாலையில் வண்டியைத் துடைத்துப் பளபளவென்று வைப்பார். எங்கள் வண்டி வெளியே வெயிலிலும் காற்றிலும் நின்று பெயிண்ட் உரிந்தது. எனக்கு அழுகையாக வரும்.

ஒருநாள் மத்தியானம் அவர் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அண்ணாச்சி ஓடிவந்து வண்டியை உதைத்தார். மாதக்கணக்காக ஓடாத வண்டி இருமக்கூட இல்லை. முற்றத்துக்கு உருட்டிவந்து தள்ளிப் பார்த்தார், அப்படியும் கிளம்பவில்லை. மாடிப்படியில் அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கணவர் எங்கள் வண்டியை உதைத்தார். நடுவில் அவளை உட்காரவைத்து, பின்னால் அண்ணாச்சி பிடித்துக்கொள்ள, மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

என் கணவர் திரும்பி வரும்போது கொட்டகை காலி. "உள்ள விடுங்க. ரூலு அதான?" என்றேன். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அண்ணாச்சியின் வண்டியை உருட்டிக்கொண்டுபோய் அதே இடத்தில் நிறுத்தினார். எங்கள் வண்டியைப் பழையபடி வெயிலில் விட்டார். ஆத்திரத்தில் நான் அன்று உலை வைக்கவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். வீட்டுக்கு ஏறவில்லை, நேரே கொட்டகைக்குப் போனார். "எவம்ல என் வண்டியத் தொட்டது? கண்ணாடி திரும்பிக் கெடக்கு!" என்று முற்றமே அதிரக் கத்தினார்.

என் கணவர் வெளியே வந்தார். "என்ன பிள்ள அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அண்ணாச்சி கண்ணாடியை நேராகத் திருப்பிவைத்தார். "பொட்டப்பிள்ள" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப்போனார். மறுநாள் ஒரு சங்கிலி வாங்கிவந்து வண்டியைத் தூணோடு சேர்த்துப் பூட்டினார். நாங்கள் வீட்டைக் காலிசெய்யும் வரை ஒரு நன்றி வார்த்தை வரவில்லை.

இப்போது இருக்கும் அடுக்குமாடியில் ஒவ்வொரு காருக்கும் நம்பர் எழுதிய இடம் உண்டு. அப்படியும் மாதக் கூட்டத்தில் கத்துகிறார்கள். கேட்டுவிட்டு வரும் நாளில் பரணிலிருந்து மட்கார்டை இறக்கித் துடைத்துவைப்பேன். துடைக்கத் துடைக்கத் துரு உதிரும். இந்த வண்டிதான் அன்று ஒரே உதையில் கிளம்பியது.