டாக்டர் எழிலரசன் ஏலத்தில் எடுத்த தந்தக் குழல்கள்

உளுந்தூர்பேட்டை நீதிமன்றத்தில் என் வழக்கைக் கூப்பிடக் காத்திருந்தபோது டாக்டர் எழிலரசனின் மனைவி செல்வி அம்மாவின் அழைப்பு வந்தது. "அவரு போய்ட்டாருங்க. குளிச்சிட்டு வந்து உக்காந்தாரு, அவ்ளோதான்" என்றார். கள்ளக்குறிச்சியில் பல்வலி வந்து எழிலரசன் டாக்டர் முன்னால் வாயைத் திறந்து படுக்காதவர்கள் குறைவு. உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் அவருக்கு நண்பனாகவும் வக்கீலாகவும் இருந்து நான் பட்ட பாட்டை விட்டுவிட்டு எழுத எனக்கு வராது.

கல்லூரி நாளிலிருந்தே மூங்கில் குழல் வாசிப்பவர். சில வருடங்களுக்கு முன்பு கைபேசியில் வெளிநாட்டு ஏலங்களைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தக் காலத்து ஐரோப்பியர் யானைத் தந்தத்தில் கடைந்த குழல்கள் அங்கே விலைக்கு வரும். தந்தத்தை நம் நாட்டுக்குள் கொண்டுவரச் சட்டம் இடம் தராது என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "அந்த யானை செத்து இருநூறு வருஷம் ஆவுது வக்கீலே. இன்னும் இன்னா கேஸு?" என்றார். சந்தனத்தில் வாங்கு, வெள்ளியில் வாங்கு, ஏன் தந்தம் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "எல்லாப் பல்லும் என்கிட்ட வந்து அழுவுது. இது ஒண்ணுதான்யா பாடுது."

முதல் குழலை அவர் எடுத்தது மலைமேல் இருக்கும் கரியாலூரில். இலவசப் பல் முகாம் நடந்துகொண்டிருந்தது. சாமான் தூக்க நானும் போயிருந்தேன். மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஒரு பெரியவரின் ஈறில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு டாக்டர் கைபேசியோடு வெளியே போனவர் போனவர்தான். தேடிப் போனால், மேட்டில் ஒரு பாறைமேல் ஏறிக் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். "இரு, இன்னொருத்தன் வெலய ஏத்திக்கினே போறான்" என்றார். பெரியவர் கன்னத்தைப் பிடித்தபடி என் பின்னாலேயே வந்துவிட்டார். "டாக்டரே, மரத்தது தெளியுதுங்க" என்றார். குழல் டாக்டருக்கு விழுந்தது. பல்லையும் அந்த மகிழ்ச்சியிலேயே பிடுங்கினார். பெரியவருக்கு வலிக்கவில்லையாம். எனக்குத்தான் வலித்தது.

நான் சொன்னபடியே குழல் சென்னையில் சுங்கத்தில் மாட்டியது. விசாரணைக்கு இருவரும் போனோம். பொருள் தந்தமா எலும்பா என்று அவர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை. எலும்பு என்றால் விட்டுவிடுவார்கள். "நீ வாயே தொறக்காத. எலும்பா இருக்கலாம்னு நான் பேசிக்கிறேன்" என்று வராந்தாவில் சொல்லி வைத்தேன். நானும் நன்றாகவே பேசினேன். அதிகாரியான அந்தப் பெண் ஏறக்குறைய ஒத்துக்கொண்டார். அப்போது இவர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"இந்த முனையில பாரும்மா. ரெண்டு பக்கமும் வளைஞ்சி வளைஞ்சி கோடு ஒண்ணையொண்ணு வெட்டுது பாரு. எலும்புல இது வராது. யானைப் பல்லுலதான் வரும்."

அந்தப் பெண் பார்த்தார், குறித்துக்கொண்டார், நன்றியும் சொன்னார். குழல் பறிமுதல் ஆனது. அபராதமும் விழுந்தது. ஒருமுறைகூட டாக்டர் அதை ஊதிப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டையில் வண்டியை நிறுத்தினோம். எனக்கு டீ இறங்கவில்லை. இவர் போண்டா வாங்கிச் சாப்பிட்டார். "வித்தவன் ஏமாத்தலய்யா, நெஜமாவே தந்தம். அத எலும்புன்னு சொல்ல எனக்கு வாய் வர்ல" என்றார். இப்படிப்பட்ட கட்சிக்காரரை வைத்துக்கொண்டு யார் வழக்கு நடத்த முடியும்?

அதோடு விட்டாரா? மறு வருடமே இன்னொன்றை எடுத்தார். "இங்க கொண்டாந்தாத்தான தப்பு? அங்கியே இருக்கட்டும்" என்றார். ஏலத்தில் அவரிடம் தோற்றவர் ஏலம் நடந்த ஊரிலேயே குழல் வாசிக்கும் ஒரு பெண். வாசிப்பதற்காகக் கேட்டவர். தனக்கு விற்றுவிடும்படி ஏலக்கூடம் வழியாக எழுதினார். இவர் விற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "நீயே வெச்சி வாசி, பதிவு பண்ணி எனக்கு அனுப்பு" என்று பதில் போட்டார். அவர் வாசித்து அனுப்பியதெல்லாம் துருகம் சாலை கிளினிக்கில் நாள் முழுதும் ஒலித்தது. கருணாபுரத்திலிருந்து வந்த ஒரு கொத்தனார், "டாக்டரே, சத்தத்த கொஞ்சம் கம்மி பண்ணுங்க, கூசுது" என்று கெஞ்சினார். இவர் கம்மி பண்ணவில்லை.

காரியம் முடிந்த பிறகு செல்வி அம்மாவிடம் அந்தக் குழலை என்ன செய்வது என்று கேட்டேன். விற்றால் நல்ல விலை வரும் என்றும் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "அந்தப் பொண்ணே வெச்சிக்கட்டுங்க. இவரு இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாரு. எழுதிக் குடுத்துடுங்க" என்றார். எழுதி அனுப்பினேன். அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. அடுத்த கச்சேரியில் வாசிப்பதற்கு முன் டாக்டர் பெயரைச் சொல்ல வேண்டும், அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டிருந்தார்.

கைபேசியில் பதிவுசெய்து அனுப்பினேன். "எழிலரசன்." நிதானமாகத்தான் சொன்னேன். பிறகு போட்டுக் கேட்டால், கிளினிக் வாசலில் நின்று அவரைத் திட்டக் கூப்பிடுகிறமாதிரியே இருக்கிறது. மறுபடி பதிவுசெய்து பார்த்தேன். அப்போதும் அப்படித்தான் வந்தது. அவரால் எனக்கென்று மிஞ்சியிருப்பது அவரைத் திட்டக் கூப்பிடும் என் குரல்தான். அழிக்காமல் வைத்திருக்கிறேன்.