தட்டாமல் அளந்த மைதா

எங்கள் வீட்டில் அத்தையின் இருப்பு ஒரு கேக்கின் மேல் நின்றது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. புருஷன் விட்டுப் போன பிறகு மைசூரில் எங்களோடுதான் இருந்தாள். ஒவ்வொரு வருஷமும் மழை விட்டதும், அவளைக் குண்டலுபேட்டையில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பும் பேச்சை அம்மா எடுப்பாள். "கிறிஸ்துமஸ் கழியட்டும், கேக் யாரு போடுவா?" என்பார் அப்பா. கிறிஸ்துமஸ் கழிந்ததும் பேச்சு ஆறிப்போகும். பாவம், அப்பாவின் பாசத்துக்குக்கூட வெண்ணெயும் சர்க்கரையும் தேவைப்பட்டன.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அம்மா ஓர் எலக்ட்ரானிக் தராசு வாங்கிவந்தாள். அம்மா நர்ஸ், குத்துமதிப்பு என்பதே அவளுக்கு ஆகாது. அத்தையோ எல்லாவற்றையும் ஒரே எவர்சில்வர் டம்ளரால்தான் அளப்பாள். "நீங்க பாட்டுக்கு அளந்து போடுங்க அண்ணி, நான் சும்மா கிராம்ல குறிச்சுக்கறேன்" என்று அம்மா இனிக்க இனிக்கச் சொன்னாள். தராசில் தெரியும் எண்ணை வாசிக்கும் உத்தியோகம் எனக்கு. ஒரே டம்ளர்தான், ஆனால் சர்க்கரைக்கு ஓர் எடை, வெண்ணெய்க்கு வேறு எடை என்பது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

மைதா முறை வந்தபோது அத்தை டம்ளரை மேடையில் தட்டினாள். மாவு அமுங்கியது. மேலே இன்னும் கொஞ்சம் போட்டு நிரப்பினாள். "நூத்தி நாப்பது!" என்று கத்தினேன்.

அம்மா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "எப்பவும் தட்ட மாட்டீங்களே அண்ணி?"

"இந்த மாவு பொலபொலன்னு இருக்கு, அதான்."

"பரவால்ல, தட்டாமயே போடுங்க."

அத்தை மாவைக் கொட்டிவிட்டு மறுபடி அளந்தாள். நூற்றுப் பதினைந்து. அம்மா அதைப் போனில் ஏற்றிக்கொண்டாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அத்தையிடம் இருந்ததே அந்தக் கூடுதல் மாவுதான். அவள் கணக்கில் தப்புவிட்டாள் என்று நான் சிரித்தேன்.

பொங்கலுக்கு முன்பே அவளைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். அவள் கட்டில் இருந்த இடத்தில் என் படிப்பு மேஜை வந்தது. அப்பா இந்த முறை வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வேண்டியது அம்மாவின் போனில் பத்திரமாக இருந்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அத்தை விருந்தாளியாக வந்தாள். ஒருத்தர் கைப்பக்குவம் இன்னொருத்தருக்கு வராது என்பார்களே, அதெல்லாம் சும்மா. அம்மா போட்டது அச்சு அசல் அத்தையின் கேக்தான். "சக்கத்தா வந்திருக்கு!" என்று கன்னடத்தில் பாராட்டியபடி அப்பா மூன்று துண்டு சாப்பிட்டார். அத்தை ஒரு துண்டை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தாள். எங்காவது ஒரு குறை அகப்படாதா என்று தேடியிருப்பாள். அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்து ஓடிப்போய் மடியில் ஏறி உட்கார்ந்தேன். "சேம் உன் கேக் மாதிரியேதான் இருக்கு அத்தை, கொஞ்சம்கூட மாறல!"

"ஆமா கண்ணு" என்றாள். இவ்வளவு நல்ல செய்தி சொன்ன என்னை அவள் ஏன் மடியிலிருந்து இறக்கிவிட்டாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.