கரும்பலகையில் விட்டுவந்த பெயர்

எட்டாவது கேள்வியை எடுத்துவிடச் சொன்னது நான்தான்.

சென்னையிலிருந்து ஒரு குழு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஆய்வு செய்ய வந்திருந்தது. பிள்ளைகளுக்குள் நடக்கும் வன்முறையை முன்கூட்டியே எப்படித் தடுப்பது, வளரும் வயதில் அவர்களிடம் உடம்பைப் பற்றி எப்படிப் பேசுவது, இரண்டும் சேர்ந்த ஆய்வு. முதல் நாள் ஒரு கேள்வித்தாள், அதில் பெயர் எழுத வேண்டாம். பிறகு வாரம் ஒரு வகுப்பு. ஆங்கிலக் கேள்விகளைத் தமிழில் எழுதவும் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கவும் தூத்துக்குடிக்காரி ஒருத்தி வேண்டுமென்று என்னிடம் வந்தார்கள். கவிதை எழுதுகிறவள், கடற்கரைத் தெருவில் பிறந்தவள், பிள்ளைகள் இவளிடம் மனம் திறப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாற்பத்தெட்டு வயதில் என் ஊரையும் என் மொழியையும் ஒருவர் தேவை என்று கேட்டு வந்தது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

எட்டாவது கேள்வி இது: உனக்குப் பிடிக்காத பட்டப்பெயர் சொல்லி யாராவது உன்னைக் கூப்பிடுகிறார்களா?

குழுவின் தலைவியான டாக்டரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். "இது எங்க ஊருக்குச் சரிப்படாது டாக்டர். எங்க தெருவுல ஒரே ஞானஸ்நானப் பேருல ஏழு பேரு இருப்பாங்க. பட்டப்பேர் இல்லன்னா யார் வீட்டுக்கு யார் லெட்டர் போகும்னே தெரியாது. செத்தா ஒட்டுற போஸ்டர்ல கூட அதைப் போட்டாத்தான் ஆளு வரும். எங்க வீட்டுக்கே 'கடியாரம் வீடு'ன்னுதான் பேரு. தாத்தா வாங்கி மாட்டின சுவர்க் கடிகாரம், பத்து நிமிஷம் முந்தி ஓடும்."

"பிடிக்காத பெயர்னுதானே மேடம் கேட்டிருக்கோம்?"

"பட்டப்பேர் பிடிக்காதவங்க இங்க கிடையாது டாக்டர். எல்லாப் பிள்ளையும் 'ஆமா'ன்னு போட்டு வைக்கும். உங்க முடிவே தப்பா வரும்."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு அந்த வரியின் மேல் கோடு போட்டார். ஒன்பதாவது எட்டாவது ஆனது.

பள்ளிக்கூடம் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்தது. லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிரும், மேஜையில் கரித்தூள் படியும். ஒன்பதாம் வகுப்பு. பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டுப் பெண்பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்திருந்தார்கள். முதல் அரைமணி கேள்வித்தாள். பேனா கிறுகிறுக்கும் சத்தம் மட்டும். தாள்களை வாங்கி உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு கூச்சத்தைப் போக்கலாம் என்று நானாக ஒரு காரியம் செய்தேன். அது பாடத்திட்டத்தில் இல்லாதது.

"எல்லாரும் உங்க பட்டப்பேரைச் சொல்லுங்க. முதல்ல நான் சொல்லுதேன். நான் கடியாரம்."

வகுப்பு கலகலத்தது. அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரிதான்.

"இவ டிபன்பாக்ஸ் மிஸ். மொத பீரியட்லயே தெறந்துருவா."

"ஏளா, ஒனக்கும் ஒரு வாய் தந்தேம்லா, அதச் சொல்லு."

"அவ சைரன் மிஸ். சிரிச்சா ஆர்பர் வரைக்கும் கேக்கும்."

சொல்லச் சொல்ல நான் கரும்பலகையில் எழுதினேன். எழுத எழுத எனக்குள்ளும் ஒரு அலை. இந்த ஊரின் வாயிலிருந்து விழும் சொற்கள், ஒவ்வொன்றும் ஒரு வரிக்கவிதை என்று மனம் துள்ளியது. மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் ஒருத்தி மட்டும் எதுவும் சொல்லவில்லை. கீழவைப்பார் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். நோட்டின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு இல்லையாம்மா?"

"இல்ல மிஸ்."

"இருக்கு மிஸ்," என்றது பின் பெஞ்ச்.

"ஏளா, சும்மா கெட."

"மிஸ் கேக்காவல்லா, சொல்லுளா. நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

பின் பெஞ்சே சொன்னது. ஒரு மீனின் பெயர். எந்த மீன் என்று இங்கே எழுதப்போவதில்லை. இந்தப் பத்தியை முதலில் எழுதியபோது அதன் நிறத்தையும் அது பிடிபடும் காலத்தையும் எழுதியிருந்தேன். பிறகு அடித்தேன். ஜாடை காட்டுவதும் கூப்பிடுவதுதான்.

அன்று இந்த அறிவு எனக்கு இல்லை. "அடடா, என்ன அழகான பேரு," என்றேன். பலகையின் நடுவில், மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக எழுதினேன். கடைசி எழுத்தின் சுழியை இழுத்து ஒரு வாலும் வரைந்தேன். வகுப்பு சிரித்தது. மற்றப் பெயர்களுக்குச் சிரித்ததை விடக் கொஞ்சம் நீளமான சிரிப்பு. கவிதை எழுதுகிறவளின் காதுக்கு அந்த நீளம் கேட்டிருக்க வேண்டும். அவளும் சிரித்தாள். அதைப் பார்த்து என் குறிப்பேட்டில் எழுதினேன்: பட்டப்பெயர்களை மகிழ்ச்சியாக ஏற்கிறார்கள்.

மணி அடித்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பலகையை அழிக்கவில்லை.

அடுத்த வாரம் மாதவிடாய் பற்றிய வகுப்பு. படங்களை ஒட்டி, பஞ்சு, நாப்கின் எல்லாம் மேஜையில் வைத்தேன். மூன்றாம் பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தது. எங்கே என்று கேட்டேன். பிள்ளைகள் ஒட்டியிருந்த படங்களையே பார்த்தார்கள். வகுப்பு முடிந்து படங்களைச் சுருட்டும்போது சைரன் என்று மற்றவர்கள் பெயர் சொன்ன பெண் பக்கத்தில் வந்து நின்றாள். அன்றைக்கு ஒரு தடவை கூட அவள் சிரிக்கவில்லை.

"அவ இனி வரமாட்டா மிஸ்."

"ஏன்?"

"போன வருசம் பி.டி. பீரியடுல அவளுக்கு வந்துட்டு மிஸ். மொத தடவ. பாவாடைல பட்டத அவ பாக்கல, நாங்கதான் பாத்தோம். அப்ப வச்ச பேரு. நாங்க எங்களுக்குள்ளதான் சொல்லுவோம். பையங்களுக்குத் தெரியாது." மேஜையில் இருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க எழுதிப் போட்டுட்டுப் போயிட்டீயளா, அடுத்த பீரியடு கணக்கு. பையங்க வந்து பாத்துட்டானுவ. இப்ப பஸ்ல ஏறுனா கண்டக்டரு வரைக்கும் சொல்லுதாவ மிஸ்."

எனக்கு அழகாகக் கேட்ட சொல், ஒரு பாவாடைக் கறையின் பெயர். எங்கள் வீட்டுப் பெயர் சுவரில் மாட்டிய கடிகாரத்திலிருந்து வந்தது. அதை யாரும் என் உடம்பிலிருந்து எடுக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு, இரண்டையும் பட்டப்பெயர் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு நாற்காலியைப் போட்டார்.

"வெயில்ல வந்திருக்கீயளே டீச்சர். இருங்க. இவ போமாட்டேங்கா. என்னன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கா. ரெண்டு அடியும் குடுத்துப் பாத்துட்டேன். வீட்டுல எதுக்குச் சும்மா இருக்கணும்? நண்டு கம்பெனில சதை எடுக்கக் கேட்டிருக்கேன். திங்கக்கெழம கூட்டிட்டு வான்னிருக்காவ."

அன்று வியாழக்கிழமை. பதினாலு வயதுப் பெண்ணின் படிப்புக்கு மூன்று நாள் மிச்சமிருந்தது.

அவள் உள்ளேயிருந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு படகுகள் ஏற்றிவைத்திருக்கும் இடத்துக்கு நடந்தாள். அம்மா காதில் விழாத தூரம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். வாக்கியங்களை பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"பேப்பர் குடுத்தீயல்லா மிஸ். அதுல அடிச்சாவளான்னு இருந்துச்சு. தள்ளுனாவளான்னு இருந்துச்சு. சாமான எடுத்தாவளான்னு இருந்துச்சு. எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டேன். பேரு சொல்லுதத எங்க போடன்னு தேடுனேன். பின்பக்கமும் பாத்தேன். எடம் இல்ல."

அப்படியும் கேட்டேன், இன்றுவரை என்னை அறுக்கிற கேள்வியை. "நீயும் சிரிச்சியேம்மா."

"சிரிக்காட்டி இன்னும் சொல்லுவாவ மிஸ்."

பிறகு, "அம்மைட்ட சொல்லிராதீங்க. எங்கயும் அத எழுதிராதீங்க," என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

திரும்பி வந்து அம்மாவிடம் நெடுநேரம் பேசினேன். அந்தப் பள்ளிக்கூடம் அவளுக்குச் சரியில்லை, வேறு பள்ளிக்கூடம் பார்க்கலாம் என்றேன். காரணத்தைச் சொல்ல முடியாமல் கெஞ்சினேன். கடைசியில் அம்மா, "ஆறுமுகநேரில என் தங்கச்சி இருக்கா. வேணும்னா அங்கன நின்னு படிக்கட்டும். டி.சி. நீங்களே வாங்கித் தந்துருங்க," என்றார்.

டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இனிமே போற ஸ்கூல்களுக்கு அந்தக் கேள்வியைச் சேர்த்துடலாம் மேடம். இந்த ஸ்கூல் ஃபார்ம் எல்லாம் என்ட்ரி ஆயிடுச்சு. மாத்த முடியாது," என்றார். எந்தத் தாள் அவளுடையது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஆய்வில் அவள் வன்முறை எதையும் சந்திக்காத மாணவி. அப்படியே அச்சாகும்.

வெள்ளிக்கிழமை பள்ளி அலுவலகத்தில் நின்றேன். கிளார்க் படிவத்தில் ஒரு கட்டத்தைப் பேனாவால் தட்டினார். "விலகும் காரணம்? குடும்பச் சூழ்நிலைன்னு போட்டுரட்டா மேடம்?"

அவள் பெயரைக் காப்பாற்ற அமைதியாக இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதில் பாதி உண்மை. மறு பாதி, என் பெயரும் அந்தக் கட்டத்தில் வராமல் தப்பியது. தலையை ஆட்டினேன். அவர் எழுதினார். வெளியே வரும் வழியில் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டினேன். பலகையில் ஏதோ வரைபடம் இருந்தது.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் அம்மாவும் அவளும் ஒரு பையோடு நின்றார்கள். டி.சி.யைக் கொடுத்தேன். அவள் அதைப் பிரித்து முதல் வரியைப் படித்தாள். அவளுடைய முழுப்பெயர், ஞானஸ்நானத்தில் வைத்தது, நீல மையில். மறுபடியும் படித்துவிட்டு மடித்துப் பையின் அடியில் வைத்தாள். அம்மா தண்ணீர் வாங்கப் போனார்.

"அங்கன யாருக்கும் தெரியாதுல்லா மிஸ்?"

"தெரியாதும்மா," என்றேன். யோசிக்காமல் சொன்னேன். அங்கேயும் இந்தக் கரைக்காரர்களின் சொந்தங்கள் இருக்கிறார்கள், விடுமுறைக்கு வருவார்கள் போவார்கள். எனக்கு என்ன தெரியும்?

ஆறுமுகநேரி வழியாகப் போகும் திருச்செந்தூர் பஸ் வந்து நின்றது. இருவரும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். அவள் கையசைக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பஸ் நகர்வதற்கு முன் பின்படிக்கட்டுப் பக்கம் போய், கண்டக்டர் யார், கீழவைப்பார் பஸ்ஸில் வருகிறவர்தானா என்று எட்டிப் பார்த்தேன்.