மயக்க மருந்துக்கு நான் போடாத கையெழுத்து

யுத்த காலத்தில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். காலை முதல் மாலைவரை கையெழுத்துப் போடுவதுதான் வேலை. மனைவிக்காகப் போட வேண்டியிருந்த ஒன்றை மட்டும் போடவில்லை.

அவளுக்கு மாதந்தோறும் நான்கு நாள் வலி. வறுத்த உப்பைத் துணியில் முடிந்து அடிவயிற்றில் ஒற்றியபடி சுருண்டு கிடப்பாள். மகள் பிறந்தபின் வலி கூடியது. அடுத்து இரண்டு கரு கலைந்தன. இன்னொன்று உண்டானால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா. கருப்பைக்குள் சிறிய வெள்ளிக் கம்பி வளையம் ஒன்றை வைத்தால் கரு தங்காது. வலி போகாது, ஆனால் ஆள் பிழைத்திருப்பாள் என்றார்.

அவள் உடனே சம்மதித்தாள். நான் ஒரு மாதம் இழுத்தடித்தேன்.

குறித்த நாளில் டாக்டரம்மா என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார்.

"உள்ள ரொம்ப இறுகியிருக்கு. மயக்கம் கொடுத்துச் செய்யறதுதான் நல்லது. ரெண்டு நாள் இங்க படுக்கணும். இதுல கையெழுத்துப் போடுங்க."

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் எங்கள் தெருக்காரர். இரண்டு நாள் படுக்கை என்றால் காரணம் பதிவாகும். பேரன் வேண்டுமென்று திருச்செந்தூருக்கு நேர்ந்திருந்த என் அம்மாவின் காதுக்கு எட்டிவிடும்.

"வேண்டாம். தாங்கிக்கிடுவா" என்றேன்.

உள்ளே போய் அவளிடம் வேறு சொன்னேன். "மயக்க மருந்து இல்லையாம்ளா. எல்லாம் பட்டாளத்துக்குப் போயிட்டாம்."

"அப்ப என்ன செய்ய? குண்டடி பட்டவனுக்குத்தான மொதல்ல வேணும்" என்றாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு முறை "எம்மா" என்று கேட்டது. அது அவள்தானா என்று எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

திரும்பும்போது குதிரைவண்டியில் உட்கார முடியாமல் ஒருக்களித்துப் படுத்து வந்தாள்.

"வீட்டுல வயித்து வலின்னு சொல்லிரு."

"அதுல என்ன பொய் இருக்கு?" என்றாள்.

ஒரு வாரம் கழித்து கம்பவுண்டர் கடைத்தெருவில் என்னை நிறுத்தினார். "அண்ணாச்சி, மதினி எப்படி இருக்காவ? அன்னைக்கு ஆயுதத்தைக் கொதிக்க வச்சதே நாந்தான். மருந்து போத்தல் போத்தலா இருந்துச்சே, ஏன் வேண்டாமுன்னுட்டிய?" அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

பல வருடங்களுக்குப் பின் மகளுக்குப் பிரசவம். சிக்கலாகி, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். மயக்க ஊசிக்குப் பயந்து அழுதாள். அவள் தலையைக் கோதியபடி என் மனைவி சொன்னாள்:

"ஏளா, மயக்கம் குடுக்காவன்னா கும்பிட்டு வாங்கிக்கோ. எனக்குக் கெடைக்கல. ஒங்கப்பா டாக்டரம்மாகிட்ட எவ்வளவோ கெஞ்சிப் பாத்தாவ. யுத்த காலம்லா."

கெஞ்சினேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதை அவளாகவே சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

கட்டில் ஓரத்தில் பிளாஸ்க்கைப் பிடித்தபடி நின்றேன். "காப்பி ஆறிரும், குடிங்க" என்றாள் என்னிடம். குடித்தேன்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தாள். நான் சொல்லவில்லை.